கடைசி ஆள் எழுந்து போகும்வரை

டோக்கன் அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. எல்லோருக்கும் ஒருமுறையாவது காய்ச்சல் வந்திருக்கும். இல்லையென்றால் யாரையாவது அழைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் இரும்பு நாற்காலியில் அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மைக், ஒரு பெயர்ப் பட்டியல், அக்கா. "டோக்கன் நம்பர் அறுபத்திரண்டு. மூணாம் நம்பர் ரூம். அடுத்தவர் தயாரா இருக்கவும்." பத்தொன்பது வருடங்களாக இதே மூன்று வாக்கியங்கள். தடுப்பூசிக்கு வந்த குழந்தைக்கும் அதே குரல், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே குரல். கோபமும் கிடையாது, கனிவும் கிடையாது. நர்சுகள் வைத்த பெயர்தான் டோக்கன். அவளே போனை எடுத்தால் "டோக்கன் பேசறேன்" என்றுதான் சொல்வாள்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் கவிஞர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். கவிஞர் என்று முதலில் அவரே சொல்லிக்கொண்டார், போகப் போக எங்களுக்கும் பழகிவிட்டது. காகிதத்தில் எழுதி மேடையில் வாசிப்பதெல்லாம் செத்துப்போன சமாச்சாரம் என்பது அவர் கட்சி. குரல், சத்தம், ஓவியம் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அதுதான் கவிதை என்பார். காலித் தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டு ஒரு கவிதை சொன்னார் ஒரு தடவை. பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் என் சொந்தக்காரர்கள்.

அப்படிப்பட்டவருக்குத் தோலில் அரிப்பு வந்தது. அக்காவின் கூடத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தார். சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், அது குரலே இல்ல. அது ஒரு சுவர்" என்றார்.

"அரிப்பு நின்னுதா?" என்று கேட்டேன்.

அவர் காதில் அது விழவில்லை. அடுத்த வாரமே அக்காவைப் பிடித்துவிட்டார். எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இரண்டாவது வாக்கியத்திலேயே அக்கா சரி என்று சொல்லிவிட்டாளாம்.

கவிதை இதுதான். ஊர்க் கோடியில் காலியாகக் கிடந்த ஒரு கோடவுன். நடுவில் மரச்சட்டத்தால் செய்த பெட்டி, எட்டுக்கு எட்டு அடி, நாலு பக்கமும் வெள்ளைப் பேப்பர். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, ஒரு மைக், அக்கா. விளக்கு எரியும்போது அக்காவின் நிழல் பேப்பரில் பெரிதாகத் தெரியும். அவள் உள்ளிருந்து டோக்கன் நம்பர்களைச் சொல்லிக்கொண்டே போவாள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் காலால் ஒரு கருவியை மிதிப்பார். அவள் சொன்னதில் அவருக்குப் பிடித்த துண்டை அது பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும். அதன் மேல் இன்னொரு துண்டு, அதற்கு மேல் இன்னொன்று. கூடம் முழுக்க நூறு டோக்கன் அக்காக்கள் பேசுவது போல ஆகிவிடும். வெளியே நான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பட்டைப் பிரஷ், ஒரு வாளி கறுப்புப் பெயின்ட். ஒரு நம்பருக்கு ஒரு பட்டை. நான் ஒவ்வொரு பட்டை அடிக்கும்போதும் அவள் நிழலில் ஒரு துண்டு மறையும். நாற்பது நிமிடத்தில் பெட்டி முழுக்கக் கறுப்பாகிவிடும். பிறகு குரல் மட்டும்தான்.

இதோடு விட்டிருந்தால் கவிஞர் என்ற பெயர் எதற்கு? ஒரு விதி வைத்தார். கவிதைக்கு முடிவு கிடையாது. எழுதிக் கொடுத்த நம்பர்கள் தீர்ந்த பிறகும் உள்ளே இருப்பவர் நிறுத்தக் கூடாது, வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். பார்க்க வந்தவர்களில் கடைசி ஆள் எழுந்து வெளியே போகும்போதுதான் கவிதை முடியும். அப்போது மெக்கானிக் விளக்கை அணைப்பார். அதுதான் அக்காவுக்கு அடையாளம், ஏனென்றால் உள்ளிருந்து அவளுக்கு எதுவும் தெரியாது. நான் பேப்பரைக் கிழிப்பேன், அவள் வெளியே வருவாள். இந்த விதியை ஆரம்பத்திலேயே கவிஞர் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். ஆரம்பித்த பிறகு நாங்கள் யாரும் பார்வையாளர்களிடம் வாய் திறக்கக் கூடாது. "சொன்னா அது நாடகம் ஆயிடும்" என்பார்.

நடைமுறையில் பெரிய சிக்கல் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வைப்போம். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்கக் கூட்டம் தானாகக் கரைந்துவிடும். ஒரு தடவை ஒரு ரிட்டையர்டு அதிகாரி தூங்கிப்போய் இருபது நிமிடம் கூடுதலாக இழுத்தார். அவ்வளவுதான்.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், அதனால் எங்களுக்குள் அவர் ஜெராக்ஸ்காரர். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். தினமும் காலையில் அக்காவை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போவார். வேலை முடியும் நேரத்துக்கு வந்து வாசலில் நிற்பார். ஒத்திகைக்கும் அப்படித்தான். கவிதை, பெட்டி, பெயின்ட் எதைப் பற்றியும் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. "எத்தனை மணிக்கு முடியும் டீச்சர்?" என்று மட்டும் கேட்பார். "உள்ள வாங்க சார், பாருங்க" என்றால், "அதெல்லாம் எனக்குப் புரியாதும்மா" என்று கேட் பக்கமே நின்றுகொள்வார். குடிக்க மாட்டார், கத்த மாட்டார், சம்பளக் கவரைக் கேட்க மாட்டார். மாத்திரை வாங்குவதிலிருந்து மகளைக் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்தவர். அக்காவின் நாத்தனார் வாய்க்கு வாய் சொல்வாளாம், "நீ கொடுத்து வெச்சவ அண்ணி" என்று.

மூன்றாவது ஒத்திகை முடிந்து குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, நனையாமல் தூரப் பிடித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறொரு ஊரில் கிளை திறக்கிறார்கள். கவுன்டரை நடத்திப் பழக்க அனுபவமுள்ள ஒருவர் ஒரு வருடத்துக்கு வேண்டும். சம்மதக் கடிதம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். தங்க ஒற்றை அறை அவர்களே தருகிறார்கள். போனில் அந்த அறையின் படம் வைத்திருந்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. அதை இரண்டு விரலால் பெரிதாக்கி ஜன்னலைக் காட்டினாள்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன், விட மாட்டாரா?"

"விடுவாரு டீச்சர். கடையைப் பூட்டிட்டு கூடவே வந்துடுவாரு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஊர் மாறுகிறேன் என்று சொல்வது அவளுக்குக் கஷ்டமில்லை. தனியாகப் போகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது, என்ன காரணம் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. காகிதம் பையில் கிடந்து மடிப்புகள் நைந்துபோயிருந்தன. கடைசித் தேதி மூன்றாவது காட்சிக்கு மறுநாள், திங்கட்கிழமை, மதியம் பன்னிரண்டு.

"இந்தக் கவிதைக்கு எதுக்குக்கா ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள நாப்பது நிமிஷம் யாரும் வர முடியாதுல்ல" என்றாள். வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் மெதுவாக ஒரு தடவை அடித்தது. காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது காட்சி அன்று நல்ல வெயில். கோடவுனின் தகரக் கூரை காய்ந்து உள்ளே அனல் அடித்தது. பார்க்க வந்தவர்கள் இருபத்தேழு பேர், எங்களுக்கு அது மாநாடு. கவிஞர் விதியைச் சொன்னார், விளக்கு எரிந்தது, அக்கா நம்பரை ஆரம்பித்தாள், நான் பட்டை அடிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து ஜெராக்ஸ்காரர் உள்ளே வந்தார். கோடவுன் வாட்ச்மேன்தான் அனுப்பியிருக்கிறார், வெயிலில் ஏன் காய்கிறீர்கள், உள்ளே ஃபேன் ஓடுகிறது என்று. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வந்தபோது விதி சொல்லி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அப்போதே சுருக்கென்றது. மற்றவர்கள் பசித்தால் போய்விடுவார்கள். இவர் மனைவியை அழைத்துப்போக வந்தவர். அவள் வெளியே வராமல் இவர் எழ மாட்டார், இவர் எழாமல் அவள் வெளியே வர முடியாது. கவிஞரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு நம்பர்கள் தீர்ந்தன. பெட்டி முழுக்கக் கறுப்பு. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆறு பேர். பத்து நிமிடத்தில் மூன்று. பிறகு ஒரு பெண்ணும் பையனும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். கடைசி வரிசையில் ஜெராக்ஸ்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார், தன் நம்பர் வரட்டும் என்று இருக்கிற நோயாளி மாதிரி.

அக்கா வழக்கமாக இந்த நேரத்தில் மாத்திரைப் பெயர்களைச் சொல்வாள், வார நாட்களைச் சொல்வாள். அன்றும் சொன்னாள். அவையும் தீர்ந்தன. கொஞ்ச நேரம் ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதே டோக்கன் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"லைட்டு இன்னும் அணையல. யாரோ ஒருத்தர் உக்காந்திருக்கீங்க. யாருன்னு தெரியல. தெரியாததும் நல்லதுதான். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுக்காரர் நல்லவர். இதை முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, நானும் அதைத்தான் சொல்றேன்."

என் கையில் பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடிச்சாருன்னா யார்கிட்டயாவது சொல்லலாம். குடிச்சாருன்னா சொல்லலாம். கூப்பிட வர்றாருன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? பத்தொன்பது வருஷமா ஒரு நாள் தவறல. மழை பேஞ்சாலும் வந்துடுவாரு. அவருக்கே காய்ச்சல்னாலும் வந்துடுவாரு. நான் ஒருத்தியா ரோட்டுல நடந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியல. ஒரு தடவை வேலை அரை மணி நேரம் முன்னாடியே முடிஞ்சுது. இந்த அரை மணி நேரம் என்னோடதுன்னு நெனச்சேன். கேட்டைத் தாண்டி பத்தடி நடந்திருப்பேன். எதிர்ல வந்துட்டாரு. 'நல்லவேளை, மனசுல ஏதோ பட்டுச்சு, சீக்கிரம் கிளம்பினேன்'னாரு. நானும் 'நல்லவேளை'ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துட்டேன்."

நான் ஜெராக்ஸ்காரரைப் பார்த்தேன். ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போதே போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். விதி, பேசக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் கேட்கட்டும் என்றுதான் நின்றேன். வாயால் சொல்ல முடியாமல் மூன்று வாரமாகப் பையில் சுமந்தவள், எப்படியோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், முழுசாகக் கேட்கட்டும் என்று நின்றேன். அடுத்தவர் குடும்பத்தில் இப்படி நிற்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று பிறகுதான் யோசித்தேன்.

"எனக்கு அவர்மேல கோவம் இல்ல" என்றாள் அக்கா உள்ளிருந்து. "கோவப்படற மாதிரி அவர் ஒண்ணுமே செய்யல. அதான் எனக்குத் தாங்கல. இப்ப ஒரு ஊர்ல ஒரு ரூம் குடுக்கறாங்க. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம். சாயங்காலம் வேலை முடிஞ்சா நானா நடந்து வருவேன். வழியில நிக்கணும்னா நிப்பேன். லேட்டாச்சுன்னா லேட்டாகட்டும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். கூப்பிட வராதீங்க. அவ்வளவுதான். கூப்பிட வராதீங்க."

மெக்கானிக்கின் கால் மிதித்தது. அவர் வேலை அது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூப்பிட வராதீங்க, கூப்பிட வராதீங்க, கூப்பிட வராதீங்க என்று நாலு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் வர ஆரம்பித்தது. கவிஞர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆனந்தக் கண்ணீர். ஜெராக்ஸ்காரர் முதலில் ஒரு ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு இன்னொன்றை, பிறகு பெட்டியை. ஹெல்மெட்டை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். பேசியதையே திரும்பப் பேசினாள். தொண்டை கம்மிவிட்டது, இருமினாள். "தண்ணி வேணும்" என்றாள். மெக்கானிக் அதையும் பிடித்துவிட்டார். கூப்பிட வராதீங்க, தண்ணி வேணும், கூப்பிட வராதீங்க, தண்ணி வேணும். கவிஞர் பிரமாதம் என்பது போல விரலைச் சுழற்றினார். மணி ஒன்றே கால். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷ்ஷை வாளியில் எறிந்துவிட்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனேன்.

ஜெராக்ஸ்காரர் பாட்டிலோடு பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். "எத்தனை மணிக்கு முடியும் டீச்சர்? தண்ணி கேக்கறா" என்றார்.

"நீங்க எழுந்து வெளிய போனாதான் சார் அவங்க வெளிய வர முடியும்" என்றேன். "கடைசி ஆள் போறவரைக்கும் நிறுத்தக் கூடாது. அப்படி ஒரு விதி."

அவர் என்னையே பார்த்தார்.

"என்கிட்ட யாருமே சொல்லலையேம்மா" என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா போயிருப்பேனே."

பாட்டிலை என் கையில் கொடுத்தார். குனிந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனார். விளக்கு அணைந்தது. நான் பேப்பரைக் கிழித்தேன்.

அக்கா முகமெல்லாம் வேர்வையாக வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, காய்ச்சல் விட்டவர்களுக்கு இருப்பது போல. "யாரு டீச்சர் அது, இவ்வளவு நேரம்? நல்ல பொறுமை" என்றாள். நான் பாட்டிலை நீட்டினேன். வாங்கினாள். மூடியைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீட்டுப் பாட்டில் அவளுக்குத் தெரியாதா? முழுத் தண்ணீரையும் குடித்து முடித்தாள், பையை எடுத்துக்கொண்டாள், கேட்டுக்குப் போனாள். அவர் அவளுடைய ஹெல்மெட்டை நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் கோடவுன் வாசலில் நின்று பார்த்தோம். "கவிதை இன்னிக்குத்தான் பிறந்தது" என்றார் கவிஞர். அவரை அடிக்காமல் விட்டது என் சாமர்த்தியம்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளுக்குப் பழக்கூடை வரையச் சொல்லிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்டரில் அக்காதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்தாள். படிக்கட்டுக்கு அடியில் ஸ்ட்ரெச்சர்கள் போட்டுவைத்திருக்கும் இடத்தில் நின்று டீ குடித்தோம்.

"குடுத்துட்டீங்களா?"

"இல்ல டீச்சர். பில்லிங்ல இருக்கிற பொண்ணு போறா."

"சார் வேணாம்னுட்டாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குப் போற வழியில ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. சிக்னல்ல நின்னோம். திரும்பிப் பாக்காமலே கேட்டாரு. 'அந்தக் கவிதையில வர்ற பொம்பள, கடைசியில போனாளா இல்லையா?'ன்னு."

"கவிதைன்னு நெனச்சுட்டாரா?" என்றேன்.

"கவிதையா? கவிஞர் எழுதிக் குடுத்த ரெண்டு பக்கத்தையும் அவர் கடையிலதான் காப்பி எடுத்தேன். வரிக்கு வரி படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு. அதுல வெறும் நம்பருங்க மட்டும்தான் இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டாரு. எனக்குச் சுலபமா இருக்கட்டும்னு அப்படிக் கேட்டாரு. எல்லாத்தையும் சுலபமா ஆக்கிக் குடுத்தே பழகினவராச்சே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியல, கவிஞரைத்தான் கேக்கணும்னேன்."

டீ கிளாஸைப் படியில் வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"'போனா'ன்னு ஒரு வார்த்தை டீச்சர். அவரே வாசலைத் திறந்து வெச்சுட்டு நிக்கறாரு. எனக்கு வாய் வரல. பச்சை விழுந்துடுச்சு, வண்டி கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் அவரும் கேக்கல, நானும் சொல்லல."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததை முதலிலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. அவளுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

கவிஞர் சும்மா இருப்பாரா? மெக்கானிக் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டுக் கேட்டு அக்கா பேசிய அத்தனையையும் டைப் அடித்துவிட்டார். நாலு பக்கம். இருமலைக்கூட விடவில்லை, அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். இனி எல்லாக் காட்சியிலும் நம்பர்கள் தீர்ந்ததும் இதை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் சொல்ல வேண்டும் என்றார். மாட்டேன் என்று அக்கா சொல்வாள், அந்தச் சாக்கில் நானும் கழன்றுகொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன். அக்கா காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அதன் பிறகு ஆறு காட்சிகள் நடந்துவிட்டன. ஆட்கள் நிறைய வருகிறார்கள். பெண்கள் அழுதுவிடுகிறார்கள். பத்திரிகையில் கவிஞரின் படத்தோடு வந்தது.

ஜெராக்ஸ்காரர் இப்போது கேட்டில் நிற்பதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே வந்து உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறார். எல்லோரும் போகும்வரை இருக்கிறார். பிறகு தானே கடைசி ஆளாக எழுந்து, வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கிறார். அவர் எதற்காக வருகிறார் என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. ஒரு பதிலுக்காக வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவு திறப்பதற்கு முன்னால் அக்கா பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். நாலாவது பக்கத்துப் பேப்பரை ஒட்டுவதற்காக நான் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், கவிஞர்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள். "கடைசியில ஒரு வரி சேத்துக்கட்டுமான்னு. 'அவ போயிட்டா'ன்னு. அந்த ரெண்டே வார்த்தை."

என் கை நின்றது. "என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னுட்டாரு. முடிவு தெரியாம இருந்தாதான் கவிதைக்கு அழகாம். அதைச் சொல்லிட்டா எல்லாம் கெட்டுப்போயிடுமாம்."

"நீங்க சொல்லுங்கக்கா. அவர் யாரு வேணாம்னு சொல்ல? இந்தப் பெட்டிக்குள்ள மைக் உங்க கையில."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை.

"எழுதிக் குடுத்ததைச் சொல்லித்தான் டீச்சர் பழக்கம்" என்றாள்.

வெளியே ஆட்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது. கவிஞர் கையைக் காட்டினார். நான் நாலாவது பக்கத்தையும் ஒட்டினேன். விளக்கு எரிந்தது. அக்கா முதல் நம்பரைச் சொன்னாள், நான் பிரஷ்ஷை நனைத்து முதல் பட்டையை அடித்தேன்.